ஐந்து நாற்பது போடி வண்டி

“வணக்கம் ஐயா. ஆஸ்பத்திரி மனநலப் பிரிவிலேர்ந்து கோமதி பேசறேன். இன்னிக்கு மனசு எப்படி இருக்குன்னு பூஜ்யத்திலேர்ந்து பத்துக்குள்ள ஒரு… நம்பர் சொல்றீங்களா?”

பயந்துட்டீங்களா அக்கா? பையைக் கீழே போட்டுட்டீங்க பாருங்க. எடுங்க, எடுங்க, படியெல்லாம் தண்ணீர். பேசினது நான்தான். ஆமாம், இந்த யூனிபார்ம் போட்ட பிள்ளைதான். உங்க குரல்தானே? ‘நம்பர்’ என்று சொல்வதற்கு முன்னால் மூக்கால் ஒரு சின்ன மூச்சு இழுப்பீங்களே, அதுவரைக்கும் வந்ததா இல்லையா?

கீழே வாட்ச்மேனிடம் “பூமிநாதன் ஐயா வீடு எது”ன்னு கேட்டீங்களே, மாடியில் நின்ற எனக்குப் புல்லரித்துவிட்டது. ரெண்டு மாசமாகப் போனில் கேட்ட குரல் காலோடு கையோடு படி ஏறி வருகிறது! நீங்க குண்டாக இருப்பீங்கன்னு நினைத்திருந்தேன். இப்படி ஒல்லியாக இருக்கீங்க.

கதவைத் தட்டாதீங்க, சார் வீட்டில் இல்லை. பஸ் ஸ்டாண்டு போயிருக்கிறார். வர ஆறரை ஆகும். உட்காருங்க, இந்தப் படி காய்ந்திருக்கிறது.

என் பேர் ஜோவிட்டா. ப்ளஸ் ஒன். மேல் வீடு. அம்மா துணிக்கடையில் சேலைப் பிரிவு, வருவதற்கு ஒன்பதரை ஆகிவிடும். அப்பா திருப்பூர். எனக்கு எல்லாக் குரலும் வரும் அக்கா. போன வருஷம் மொட்டை மாடியில் நின்று சிலிண்டர்காரர் குரலில் “கேஸ்ஸ்ஸே!”ன்னு ஒரு சத்தம் கொடுத்தேன். நாலு பிளாக் பொம்பளைகளும் காலி சிலிண்டரை உருட்டிக்கொண்டு கீழே வந்து நின்றார்கள். அன்றிலிருந்து இந்தக் குடியிருப்பில் எனக்கு கேஸ் ஜோவிட்டா என்றுதான் பெயர். எங்கள் ஹெச்.எம். சிஸ்டர் குரலில் ஸ்கூல் மைக்கில் பேசி, நாலு வகுப்பை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன். ரெண்டு நாள் சஸ்பெண்ட். பரவாயில்லை. கைதட்டல் கிடைத்தது.

சிரிக்க மாட்டேங்கறீங்க. சார் சொன்னது சரிதான். நீங்க சிரிக்கிற ஆள் இல்லை.

மடியில் இருக்கிற அந்தப் பச்சை ஃபைல் சாருடையதுதானே? அதில் என்ன எழுதியிருக்கீங்கன்னு எனக்குத் தெரியும். ஞாபகம் போய்க்கொண்டிருக்கிறது. கேட்டால் சம்பந்தமில்லாத வார்த்தை சொல்கிறார். சாயங்காலமானால் வெளியே அலைகிறார். அதை நம்பித்தான் அவர் மகன் செழியன் சனிக்கிழமை காரெடுத்துக்கொண்டு வருகிறார். ஓசூர்ப் பக்கம் ஒரு வீடு இருக்கிறதாம், ஞாபகம் போனவர்களை வைத்துப் பார்த்துக்கொள்கிற வீடு. கேட்டுக்கு உள்பக்கம் பூட்டு. இன்றைக்கு வியாழன்.

சாருக்கு ஞாபகம் போகவில்லை அக்கா. அந்த வார்த்தையெல்லாம் நான் கொடுத்தது. அவ்வளவுதான் விஷயம். சொல்லிவிட்டேன்.

இருங்க, எழுந்திரிக்காதீங்க. முழுசாகக் கேளுங்க. பாதியில் போனால் நான் கெட்டவள் மாதிரி ஆகிவிடும்.

சாருக்குக் காது மந்தம். பட்டன் போன்தான் வைத்திருக்கிறார். நீங்க கூப்பிட்டால் ஸ்பீக்கரில் போட்டு மேஜையில் வைத்துவிட்டு, ஆபீசில் மேலதிகாரிக்கு முன்னால் உட்காருவது போல் முதுகை நிமிர்த்தி எதிரில் உட்காருவார். ஜன்னல் இந்தப் படிக்கட்டைப் பார்த்தது. காலையில் எட்டு மணிக்கு நான் ஷூ போடுவது இந்தப் படியில்தான். அப்போது நீங்க அஞ்சு வார்த்தை சொல்வீங்க. சந்தனம், ஏணி, முருங்கை, கம்பளி, ஆறு. அவர் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொல்வார். சாயங்காலம் ஆறரைக்கு மறுபடி போன். முதலில் மனசுக்கு ஒரு நம்பர். அப்புறம் காலை வார்த்தை அஞ்சும். அப்புறம், “பழசில ஏதாவது ஒண்ணு, இப்ப ஞாபகம் வர்றது, சொல்லுங்க ஐயா.”

அவர் என்ன சொன்னாலும் நீங்க “சரிங்க ஐயா”தான். “காலையில எந்திரிக்கவே தோணலம்மா.” “சரிங்க ஐயா.” “சாப்பிட்டேனான்னு தெரியலம்மா, தட்டு ஈரமா இருக்கு.” “சரிங்க ஐயா.” எனக்கு உங்க மேல் கோபம்கூட வரும். அப்புறம் ரிக்ஷாவில் தோழிகளுக்கு முன்னால் உங்களை மாதிரிச் செய்து காட்டுவேன். பயங்கர வரவேற்பு.

முதல் ஒன்பது நாளும் சார் சொன்ன நம்பர் ரெண்டு. மாறவே இல்லை. வார்த்தையில் ஒன்றோ ரெண்டோ வரும். “ஏணி… ஏணி… அப்புறம் ஒண்ணுமில்லம்மா.” வீட்டில் அவர் மட்டும்தான். மரகதம் அம்மா, அவர் மனைவி, பேரனைப் பார்த்துக்கொள்ளப் பெங்களூரு போய்ப் பதினாலு மாசம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை போன் வரும்.

பத்தாம் நாள் எனக்குக் கை அரித்தது. ஸ்கூல் லீவு. அம்மாவின் பழைய போனை எடுத்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போனேன். நீங்க வைத்துப் பத்து நிமிஷம் ஆகியிருக்கும்.

“ஐயா, கோமதி பேசறேன். காலையில குடுத்த வார்த்தையில ஒரு தப்பு நடந்துபோச்சு. திருத்தின பட்டியல் சொல்றேன்.”

“ரிவைஸ்டா?”

“ஆமாங்க ஐயா, ரிவைஸ்டு.”

“அப்ப பழசு கேன்சல்.”

“கேன்சல்.”

“சொல்லுங்கம்மா.”

“கொய்யா.”

“கொய்யா.”

“பல்லி.”

“பல்லி.”

“சைக்கிள் பம்ப்.”

“சைக்கிள் பம்ப். ம்.”

“ஜட்டி.”

நான் வாயைப் பொத்திக்கொண்டு தொட்டியில் சாய்ந்துவிட்டேன்.

“…ஜட்டி,” என்றார், அத்தனை மரியாதையாக.

“ஜனாதிபதி.”

“ஜனாதிபதி. சரிம்மா.”

அன்றைக்குச் சாயங்காலம் ஸ்பீக்கரில் நீங்க கேட்டீங்க. சார் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒன்றைக்கூட விடாமல், கொய்யா, பல்லி, சைக்கிள் பம்ப், ஜட்டி, ஜனாதிபதின்னு ஒப்பித்தார். நான் இந்தப் படியில் உருண்டுகொண்டிருந்தேன். நீங்க சிரிச்சிருக்கணும் அக்கா. நியாயமாகப் பார்த்தால் அந்த இடத்தில் யாராக இருந்தாலும் சிரிப்பார்கள். “இது என்னங்க ஐயா”ன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அன்றைக்கே நான் மாட்டியிருப்பேன். நீங்க “சரிங்க ஐயா, நன்றி” என்றீங்க. சரியா தப்பான்னு சொல்லக் கூடாது என்பது உங்க ரூல். எனக்கு அது அப்போது தெரியாது.

ஏன் நம்பினார் என்று கேட்பீங்க. சார் முப்பத்தொரு வருஷம் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர். எந்த வண்டி எப்போது கிளம்ப வேண்டும் என்று பார்த்து விசில் ஊதுகிற வேலை. மேலிடத்திலிருந்து ரிவைஸ்டு டைமிங் வந்துவிட்டால் பழைய டைமிங் செத்தது. அடித்துவிட்டுப் புதுசை மனப்பாடம் செய்ய வேண்டும். பழசை நினைவில் வைத்திருப்பவன் வண்டியைத் தப்பாக அனுப்பிவிடுவான் என்பார். உங்க வார்த்தைகளை அவர் மறக்கவில்லை. சட்டப்படி அடித்துப்போட்டார்.

இன்னொன்று. அன்றைக்கு அவர் சொன்ன நம்பர் ஆறு. ஒன்பது நாள் ரெண்டு, அன்றைக்கு ஆறு! யாரால்?

அதனால் விடவில்லை. வாரத்துக்கு மூணு நாலு நாள் கூப்பிட்டேன். மொத்தம் பத்தொன்பது நாள். கெமிஸ்ட்ரி நோட்டின் பின்பக்கம் எல்லாம் எழுதி வைத்திருக்கிறேன். தேதி, நான் கொடுத்த வார்த்தை, சாயங்காலம் அவர் சொன்ன நம்பர், எத்தனை வார்த்தை வந்தது. இந்தாங்க, பாருங்க. உங்க ஃபைலைவிடச் சுத்தம். நம்பர் ஆறு என்றால் அஞ்சும் வரும். நாலு என்றால் மூணு. ரெண்டு என்றால் ஒன்று, அதுவும் தடவித்தடவி. கெமிஸ்ட்ரியில் நான் இருபத்தெட்டு வாங்கினவள். இதில் ஒரே ஒரு நாளைத் தவிர ஒரு கோடுகூடப் பிசகவில்லை.

பழைய ஞாபகம் ஒன்று கேட்பீங்களே, அதில்தான் விஷயம். ரெண்டு நாளில் எனக்குத் தெரிந்துவிட்டது. உங்களுக்குத் தெரிந்ததா?

ஆறு சொன்ன நாளில்: “மரகதம் போறப்ப முறுக்கு டின்னை ரொப்பி வச்சுட்டுப் போனா. மூடி இறுக்கமா இருக்கும்னு துணி சுத்தி வச்சிருந்தா.” ரெண்டு சொன்ன நாளில்: “மரகதம் திரும்பிக்கூடப் பாக்காம ஆட்டோவில ஏறினா.” ஒரே நாள்தான் அக்கா. ஒரே ஆட்டோ.

போடி ஊருக்குப் போகிற வண்டியின் கதையும் அப்படித்தான். அதை நீங்க எத்தனை தடவை எழுதியிருக்கீங்க? நான் கேட்டது பதினோரு தடவை.

மழைநாள். சாயங்காலம் ஐந்து நாற்பதுக்குப் போடி வண்டி, அதை விட்டால் அன்றைக்கு வேறு நேர் வண்டி கிடையாது. இடுப்பில் பிள்ளையோடு ஒரு பொம்பளை டைம் ஆபீஸ் ஜன்னலுக்கு வந்து, “அய்யா, பிள்ளைக்குப் பால் வாங்கியாந்துர்றேன், வண்டிய விட்டுராதீக” என்கிறாள். சார், “போயிட்டு வாம்மா, நிப்பாட்டி வைக்கிறேன்” என்கிறார். இதுவரைக்கும் எல்லா நாளும் ஒன்றுதான்.

ஆறு சொன்ன நாளில், ஐந்து நாற்பது ஆகிறது, சார் விசிலைக் கையில் வைத்துக்கொண்டு ஊதாமல் நிற்கிறார். டிரைவர் கத்துகிறார். உள்ளே இருக்கிற ஜனம் கத்துகிறது. மூணு நிமிஷம். அவள் பால் போத்தலோடு ஓடி வந்து ஏறுகிறாள். பிள்ளை ஜன்னல் வழியாகக் கையை ஆட்டுகிறது. அப்புறம்தான் விசில்.

ரெண்டு சொன்ன நாளில், ஐந்து நாற்பதுக்கு விசில் ஊதிவிடுகிறார். வண்டி திரும்பி ரோட்டுக்குப் போகிறது. அவள் பால் போத்தலோடு மழையில் வந்து நிற்கிறாள். “அவ பஸ்ஸைப் பாக்கலம்மா. என்னையப் பாத்தா.”

நீங்க ரெண்டுக்கும் “சரிங்க ஐயா” சொன்னீங்க.

எது நிஜம் அக்கா? உங்க படிப்பில் அதற்கு ஏதாவது வழி இருக்கிறதா? எனக்கு முதலில் வேடிக்கையாக இருந்தது. ரிமோட் மாதிரி. காலையில் நான் அவரைச் சிரிக்க வைத்தால் சாயங்காலம் அந்தப் பொம்பளை பஸ் ஏறுவாள். நான் கூப்பிடாவிட்டால் மழையில் நிற்பாள். நினைத்துப் பாருங்க, என்றைக்கோ போன வண்டியை நான் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து நிறுத்துகிறேன்!

ஒரு நாள் மட்டும் வேறு மாதிரி செய்தேன். சும்மா, என்ன ஆகிறது என்று பார்க்கத்தான். அன்றைக்கு அப்பா வருகிறேன் என்று சொல்லி வரவில்லை, அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பூட்டு, இருட்டு, காலி, ஈரம், போனவ. இந்த அஞ்சும் கொடுத்தேன். கடைசியில் உங்க குரலில், “மரகதம் அம்மா வந்துட்டாங்களா ஐயா?”ன்னு கேட்டேன். நோட்டில் பாருங்க, பதினேழாம் தேதி. நம்பர் ஒன்று. நம்பர் ஒன்று என்றால் வார்த்தை ஒன்றுமே வந்திருக்கக் கூடாது, இல்லையா? அஞ்சும் வந்தது. தடவாமல் வந்தது. மறுநாள் எலுமிச்சை, பட்டம் என்று புதுசு கொடுத்தேன். சாயங்காலம் எலுமிச்சை வரவில்லை. “போனவ”ன்னு மறுபடி சொன்னார். அதற்கு மறுநாளும். அது போகவே மாட்டேன் என்றது. ரப்பரால் அழித்த இடத்தில் எழுத்து தெரியுமே, அந்த மாதிரி.

நான் சரிசெய்யப் பார்த்தேன் அக்கா. அதை எழுதிக்கங்க. நான் சரிசெய்யத்தான் பார்த்தேன். ஜோக்காகப் பேசினேன், உங்க குரலில் விழுந்து விழுந்து சிரித்தேன். அன்றைக்கு அஞ்சு வரைக்கும் ஏறினார். மறுநாள் இறங்கினதும் உங்களிடம் சொன்னாரே, ஞாபகம் இருக்கா? “நேத்து நீங்க சிரிச்சீங்கன்னு நெனச்சேம்மா. நீங்க சிரிக்கிற ஆள் இல்ல. நானா கற்பனை பண்ணிக்கிட்டேன் போல.” இங்கே உட்கார்ந்து கேட்டேன். நான் அவ்வளவு நேரம் தொண்டை வற்றச் சிரித்தது! ஒரே ராத்திரியில் இல்லாமல் போய்விட்டது. கெட்டது மட்டும் அப்படியே இருக்கிறது.

அப்போதுதான் பெரிய ஐடியா வந்தது. எங்கள் வகுப்பில் சித்ரலேகா என்று ஒருத்தி, அவள் அம்மாவுக்குப் போடி. அந்தக் குரலை ஒரு வாரம் பழகினேன்.

“அய்யா, டைம் கீப்பர் அய்யாங்களா? எத்தனையோ வருசமாச்சு, உங்க நம்பர இப்பத்தான் தேடிப் பிடிச்சேன். மழைல ஒரு நா, பிள்ளைக்குப் பால் வாங்கப் போனேன், நீங்க வண்டிய நிப்பாட்டி வச்சீக. நான்தான்யா அது.”

“ஏறிட்டியாம்மா?”

“ஏறிட்டேன்யா.”

“பிள்ளை?”

“நல்லாயிருக்கான்யா. கம்பெனியில வேலை.”

“பால் சிந்தலையே?”

நான் எவ்வளவோ குரல் பேசியிருக்கிறேன். அந்தக் கேள்வியை மட்டும் நான் ஒத்திகை பார்க்கவில்லை. சிந்தவில்லை என்றேன். அவர் அழுதார். நான் ஜெயித்துவிட்டேன் என்று மொட்டை மாடியில் ஆடினேன்.

சாயங்காலம் நம்பர் எட்டு! உங்க ஃபைலில் இருக்குமே, ஒரே ஒரு எட்டு. இனிமேல் அந்தப் பொம்பளை மழையில் நிற்க மாட்டாள் என்று நினைத்தேன். நாலு நாள் நிற்கவில்லை. அஞ்சாம் நாள் நம்பர் ரெண்டுக்கு இறங்கிவிட்டது. அப்போது என்ன சொன்னார் தெரியுமா? நீங்கதான் கேட்டீங்களே. “ஏறினவ போன் பண்ணிட்டாம்மா. நல்லாயிருக்கா. அப்ப மழையில நின்னது வேற ஒருத்தி. அவளை நான் இத்தனை நாளா ஏறினவன்னு நெனச்சுக்கிட்டு இருந்திருக்கேன்.”

ஒருத்தியை ரெண்டாக்கிவிட்டார் அக்கா. நான் ஒருத்தியை பஸ்ஸில் ஏற்றினேன், இன்னொருத்தி எங்கிருந்தோ வந்து அதே இடத்தில் நிற்கிறாள்.

மறுநாளிலிருந்துதான் அவர் பஸ் ஸ்டாண்டு போக ஆரம்பித்தது. அலையவில்லை. நேராகப் போவார், போடி வண்டி நிற்கிற இடத்தில் நிற்பார், ஐந்து நாற்பதுக்கு வண்டி கிளம்பின பிறகு யாராவது ஓடி வருகிறார்களா என்று பார்ப்பார், திரும்பி வருவார். வாட்ச்மேன் அதைச் செழியன் அண்ணனிடம் சொல்லிவிட்டார். ரெண்டு வாரத்துக்கு முன்னால் அவர் வந்தார். ஜன்னல் திறந்துதான் இருந்தது.

“அப்பா, ஆஸ்பத்திரியில பேப்பர் காட்டினாங்க. ஜட்டி ஜனாதிபதின்னு உளர்றீங்களாமே.”

“அது ரிவைஸ்டு லிஸ்ட்டுப்பா.”

“என்ன ரிவைஸ்டு? யார் ரிவைஸ் பண்ணினா?”

“கோமதியம்மா.”

“அவங்க அப்படி ஒண்ணும் குடுக்கவே இல்லைங்கறாங்க அப்பா.”

சார், “அப்ப நானாத்தான் சொல்லியிருப்பேன்,” என்றார்.

நான் அன்றைக்கே கதவைத் தட்டியிருக்கலாம். தட்ட வந்தேன். இதே படிவரைக்கும் வந்தேன். என்ன குரலில் சொல்வது என்று தெரியவில்லை. அதோடு போன் பண்ணுவதை நிறுத்திவிட்டேன். ஆனால் அது நிற்கவில்லை. பல் தேய்க்கும்போது உங்க குரல் வருகிறது. இன்னிக்கு மனசு எப்படி இருக்கு. ஸ்கூலில் அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது ‘பிரசென்ட் மிஸ்’ஸுக்குப் பதிலாக ‘சரிங்க ஐயா’ன்னு வந்துவிட்டது. வகுப்பே சிரித்தது. நான் வேண்டுமென்று செய்யவில்லை.

நேற்று ஸ்கூல் விட்டு நேராக பஸ் ஸ்டாண்டு போய்ச் சார் பக்கத்தில் நின்றேன். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார், ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை. ஐந்து நாற்பது. வண்டி கிளம்பியது. அப்போது, சத்தியமாக அக்கா, மாதா மேல் ஆணையாகச் சொல்கிறேன், ஒரு பொம்பளை ஓடி வந்தாள். இடுப்பில் பிள்ளை இல்லை, கையில் பை. ஆனால் ஓடி வந்தாள். சார் கை சட்டைப்பையைத் தடவியது. அங்கே விசில் ஏது? நான் நாக்கை மடித்து ஊதினேன். கிளம்பின வண்டியை நிறுத்துகிற டைம் கீப்பர் விசில், நீளமாக ஒன்று, சின்னதாக ரெண்டு. வண்டி நின்றது! அவள் ஏறினாள். ஜன்னலில் இருந்து திரும்பிக்கூடப் பார்த்தாள்.

நான் குதித்தேன். “சார், நின்னுருச்சு சார்! பாத்தீங்களா?”

சார் வண்டி போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். “இப்பத்தான் ஞாபகம் வருது. அன்னிக்கும் வண்டி நின்னுச்சு. ஆனா ஊதினது நான் இல்ல. வேற யாரோ ஊதினாங்க.”

வாக்கு மாறாமல் வண்டியை நிறுத்தின ஆளும் இப்போது வேறு ஒருவர் ஆகிவிட்டார். நான் என்ன கொடுத்தாலும் அது அவர் கைக்கு வரும்போது இப்படித்தான் ஆகிறது.

…என்ன அக்கா, என் நோட்டையும் உங்க ஃபைலையும் சேர்த்து வைத்துப் பார்க்கறீங்க? ஒத்து வருதா? பத்தொன்பது நாளும்? அடிங்க, ‘ஞாபகம் போகிறது’ங்கற அந்த வரியை அடிச்சுருங்க. பேனா வேணுமா? டாக்டரிடமும் செழியன் அண்ணனிடமும் நானே வந்து சொல்கிறேன். உங்க குரலில் பேசிக் காட்டுகிறேன், அப்போது நம்புவார்கள். ஒரே ஒரு கண்டிஷன். சாரிடம் மட்டும் சொல்லாதீங்க. சிரித்த கோமதி ஒருத்தி இருந்தாள் என்று நல்ல நாளிலாவது நினைத்துக்கொள்ளட்டும். அதையும் ஒரு கேஸ் ஜோவிட்டா வேலை என்று எப்படிச் சொல்வது?

ஷ்… வந்துட்டார். கீழே கேட் சத்தம். கேளுங்க, படி ஏறுகிற சத்தத்திலேயே எனக்கு நம்பர் தெரிந்துவிடும். ஆறு என்றால் நிற்காமல் வருவார். முதல் மாடியில் நின்றால் நாலு. நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டு கிளம்பவே இல்லை என்றால்…

நின்றுவிட்டார்.

மணி ஆறரை. அக்கா, எதுக்குப் போனை எடுக்கறீங்க? இங்கேயிருந்தேவா? அவர் பத்துப் படிக்குக் கீழே நிற்கிறார். அதோ, பாக்கெட்டில் அடிக்கிறது. எடுத்துவிட்டார். ஸ்பீக்கரில்தான் போடுவார், கேளுங்க.

“சொல்லுங்கம்மா. நீங்க எந்தக் கோமதி? சிரிக்கிற கோமதியா, எழுதுற கோமதியா?”

பேசுங்க அக்கா. ஏன் என்னைப் பார்க்கறீங்க? என்கிட்ட ஏன் நீட்டறீங்க? வேணாம். வேணாம் அக்கா.

“…ஹலோ. சார். கோமதி இல்ல சார். நான் ஜோவிட்டா. மேல் வீட்டு ஜோவிட்டா… ஆமா சார், கேஸ் ஜோவிட்டா. கொய்யா, பல்லி எல்லாம் நான்தான் சார். போனவளும் நான்தான். போடி அக்காவும் நான்தான், நேத்து விசிலும் நான்தான். ஆனா அன்னிக்கு ஊதினது நான் இல்ல சார். அன்னிக்கு நீங்க மட்டும்தான் இருந்தீங்க. நீங்கதான் நிப்பாட்டி வச்சீங்க. பால் சிந்தாம ஏறினாங்க…”

நான் பார்த்தேனா என்று கேட்கிறார் அக்கா.

“…இல்ல சார். பாக்கல. நான் அப்பப் பொறக்கவே இல்ல.”

மூச்சு கேட்கிறது. போனிலும் கேட்கிறது, கீழேயிருந்தும் கேட்கிறது.

“அப்ப ரிவைஸ்டு எல்லாம் கேன்சலா?”

“ஆமா சார். கேன்சல்.”

“சரி. காலையில அவங்க குடுத்தது… முறம். சாவி. கடுகு. கூடாரம். உப்பு.”

பாருங்க, பாருங்க, ஃபைலைப் பாருங்க அக்கா. முறம், சாவி, கடுகு, கூடாரம், உப்பு. அஞ்சும் சரிதானே? ஒன்றுகூடத் தப்பில்லையே? தலையை ஆட்டறீங்க. அஞ்சும் சரி.

அப்புறம் ஏன் அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நிற்கிறார்?